திரையில் சிதையும் தமிழும் அதனை மீட்கும் வழியும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கொல்லத்தில் 1578ஆம் ஆண்டு அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூலை இன்றும் தமிழறிந்தார் ஒருவர் எழுத்துக்கூட்டியேனும் படித்துவிடலாம். எழுத்துப் பழையது, அச்சோ செப்பமற்றது, ஆயினும் அது தமிழாகவே கண்ணுக்குத் தோன்றும். ஆனால், 1995ஆம் ஆண்டு கணினியில் தட்டச்சிட்டுச் சேமித்த தமிழ்க் கட்டுரை ஒன்றை இன்று திறந்து பார்ப்பவர்க்குத் தோன்றுவது என்ன? ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியும் கலந்த பொருளற்ற குவியல்! நானூறு ஆண்டு கடந்த தாள் பேசுகின்றது. முப்பது ஆண்டே ஆன கோப்பு வாய் திறவாது கிடக்கின்றது.

முதிய புலவர் ஒருவரை எண்ணிப் பார்க்க. ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் கணினி ஒன்றை வாங்கித் தம் ஊர்ப்பக்கத்து உழவுச் சொற்களையெல்லாம் தொகுத்துத் தாமே தட்டி ஏற்றி வைத்துவிட்டு மறைந்துபோகின்றார். மகன் அக்கோப்பைத் திறக்கின்றான். ஒன்றும் விளங்கவில்லை. ‘கெட்டுப்போயிற்று’ என்று கருதி அழித்துவிடுகின்றான். கோப்போ கெடவே இல்லை! அதனைப் படிக்கும் வழிதான் அவனுக்குத் தெரியவில்லை. வேறெங்கும் எழுதப்படாத சொற்கள் ஒரு விசையழுத்தத்தில் மாய்ந்தன. அயலார் பகைத்து அழித்ததன்று இது. அறியாமையால் வீட்டிலேயே நடந்தது. இத்தகைய கோப்புகள் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் மலேசியாவிலும் எத்தனை வீடுகளில் இன்னும் கிடக்கின்றனவோ! அவற்றை மீட்பதற்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. அடிப்படைச் செய்தி ஒன்றை மட்டும் ஐயமற உணர்ந்துகொண்டால் போதும்.

அஃதாவது, எழுத்து வேறு, எழுத்துரு வேறு.

கணினிக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் ஒன்றே. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். அவ்வெண்ணே கோப்பிற்குள் சேமிக்கப்படுகின்றது. அந்த எண்ணுக்குத் திரையில் எந்த வடிவத்தை வரைவது என்று சொல்வது எழுத்துரு. எண் உள்ளிருக்கும் உடல். எழுத்துரு மேலே போர்த்த ஆடை. 1990களில் தமிழ் எழுத்துரு வரைந்தோர் ஒரு குறுக்குவழி கண்டனர். ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் ஆடையைப் போர்த்தினர். பாமினி என்னும் எழுத்துருவை எடுத்துக்கொள்க. அதில் ‘தமிழ்’ என்று திரையில் அழகாகத் தோன்றும் சொல், கோப்பிற்குள் ஆங்கில நெடுங்கணக்கின் பத்தாம் எழுத்து, பதினோராம் எழுத்து, பதினாறாம் எழுத்து, பதினைந்தாம் எழுத்து, இறுதியில் ஓர் அரைப்புள்ளி என்றே கிடக்கின்றது. பாமினி இல்லாத கணினியில் ஆடை விலகிவிடுகின்றது. உள்ளிருக்கும் ஆங்கிலம் வெளிப்பட்டுவிடுகின்றது.

இதற்காக அவர்களைக் குறைகூறல் தகாது. அவர்கள் அவ்வாறு செய்யாதிருந்தால் அக்காலத்தில் கணினியில் தமிழே ஏறியிராது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டிலேயே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன என்பது உண்மை. ஆயினும் அதனைத் திரையில் ஒழுங்காகக் காட்டும் திறன் விண்டோசுக்கு 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், ‘லதா’ எழுத்துருவோடுதான் வாய்த்தது. இடைப்பட்ட காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, அச்சகத்துக்கு ஒரு குறியாக்கம். இணையத்தில் இருந்த தமிழர் பலர் கூடித் ‘திசுகி’ என்னும் பொதுக் குறியாக்கத்தை உருவாக்கினர். தமிழ்நாட்டரசு 1999ஆம் ஆண்டுச் சென்னைத் தமிழிணைய மாநாட்டை ஒட்டி ‘டாம்’, ‘டாப்’ என்னும் இரண்டை ஏற்றது. 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியையும், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியெண் தரும் ‘டேசு16’ என்பதையும் ஏற்றது.

ஒருங்குறியில் தமிழர்க்கு மனக்குறை உண்டு, அது முறையானதும்கூட. ககர மெய்யே முதல், அகரம் ஏறியது ககர உயிர்மெய் என்பது தமிழிலக்கணம். ஒருங்குறியோ உயிர்மெய்யை முதலாக வைத்து, அதன்மேல் புள்ளியைத் தனிக்குறியாக ஏற்றி மெய்யாக்குகின்றது. மூன்றெழுத்தாகிய ‘தமிழ்’ அதில் ஐந்து குறிகளாக எண்ணப்படுகின்றது. இந்தியப் பொதுக் குறியாக்கம் ஒன்றின் அடியொற்றி அமைத்ததன் விளைவு இது. ஆயினும், உலகத்துக் கணினிகளும் கைப்பேசிகளும் இன்று ஒருங்கே படிக்கும் தமிழ் ஒருங்குறித் தமிழ் ஒன்றே. சேமித்து வைப்பதற்கு அதனை விட்டால் இன்று வேறு புகலில்லை. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், திசுகியில் ஏற்றிய பழந்தமிழ் நூல்களையெல்லாம் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றிக் காத்துக்கொண்டது. ஒரு நூற்களஞ்சியமே அவ்வாறு வீடு மாறியிருக்க, ஒரு தனிமாந்தரின் கோப்பு மாற முடியாதா?

இனி, திரையில் தமிழ் சிதைந்து தோன்றும்போது செய்ய வேண்டுவன யாவை? முதற்கண் எதையும் சேமித்தல் கூடாது. திகைப்பில் சேமிக்கும் விசையை அழுத்துவதே பெருங்கேடு. கையை எடுத்துவிட்டுச் சிதைவின் தோற்றத்தை உற்று நோக்குக. நோய்க்கு நாடி இருப்பதுபோலச் சிதைவுக்கும் தோற்றம் உண்டு.

வெற்றுக் கட்டங்கள் வரிசையாகத் தோன்றினால் கவலையே வேண்டா. உள்ளே தமிழ் செம்மையாக இருக்கின்றது. வரைவதற்கு எழுத்துரு இல்லை என்பதே பொருள். ஒருங்குறி எழுத்துரு ஒன்றை நிறுவினால் கட்டங்கள் தமிழாகிவிடும். தமிழ் இணையக் கல்விக்கழகம் அத்தகைய எழுத்துருக்களை விலையின்றித் தருகின்றது.

ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்து தோன்றினால், அது முன்னர்ச் சொன்ன ஆடை விலகிய நிலை. இதுவும் அழிவன்று.

மேலே சிறுகோடு இட்ட ஆங்கில முதலெழுத்தும், வட்டத்துக்குள் அடைத்த ஆங்கிலப் பதினெட்டாம் எழுத்தும் மீண்டும் மீண்டும் வருமாயின், அஃது ஒருங்குறித் தமிழே. கணினிதான் அதனை ஐரோப்பிய எழுத்தென்று தவறாகப் படித்துவிட்டது. தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படும். அம்மூன்றையும் ஒன்றாகக் கூட்டாமல் தனித்தனியே படித்ததன் விளைவே இக்குழப்பம். கோப்பை மூடிவிட்டு, மீண்டும் திறக்கும்போது குறியாக்கம் எது என்று கேட்குமிடத்தில் ‘யூடிஎப்-8’ என்பதைத் தெரிந்தெடுக்க. எக்செல் அட்டவணையில் இத்தொல்லை மிகுதி. உறுப்பினர் பட்டியலைக் காற்புள்ளியிட்ட கோப்பாகப் பெற்று, இருமுறை சொடுக்கித் திறந்தால் பெயரெல்லாம் சிதைந்துவிடும். அவ்வாறு திறவாமல், வெற்று அட்டவணை ஒன்றைத் திறந்து, தரவுப் பகுதியிலுள்ள உள்வாங்கும் வழியில் அக்கோப்பைக் கொணர்ந்தால் குறியாக்கத்தைத் தெரிந்தெடுக்க இடம் கிடைக்கும்.

புள்ளிகளால் ஆன சிறு வட்டத்தின் அருகே ஒற்றைக்கொம்போ இரட்டைக்கொம்போ தனித்து நின்றால், தட்டச்சிட்டவர் கொம்பை முன்னும் மெய்யைப் பின்னுமாகத் தட்டிவிட்டார் என்று அறிக. பழைய தட்டச்சுப்பொறியில் கொம்பே முன்வரும். ஒருங்குறியில் எழுத்துக்குப் பின்னரே குறி. கண்ணுக்கு இடப்புறம் தோன்றினாலும் கோப்பில் அது பின்னால்தான் நிற்கும்.

இறுதியாக, தமிழ் இருந்த இடமெல்லாம் வினாக்குறியாக மாறியிருந்தால், அந்நிலை கொடிது. தமிழறியாத குறியாக்கத்தில் யாரோ சேமித்துவிட்டனர்; எழுத்துக்குரிய எண்ணையே துடைத்துவிட்டு வினாக்குறியின் எண்ணை எழுதிவிட்டது பொறி. நோட்பேடு முதலிய எளிய செயலிகளின் பழைய பதிப்புகளில் ‘ஆன்சி’ என்னும் குறியாக்கத்தில் சேமித்தோர்க்கு நேர்ந்தது இதுவே. அக்கோப்பினின்று தமிழை மீட்க இயலாது. பழைய படியோ, மின்மடலில் அனுப்பிய படியோ இருக்கின்றதா என்று தேடுவதே வழி.

பழைய எழுத்துருக் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றுவது எவ்வாறு? மூலக்கோப்பைத் தொடாமல் அதன் படி ஒன்றை எடுத்துக்கொள்க. அதனைச் சொற்செயலியில் திறந்து, வரி ஒன்றின்மேல் சுட்டியை வைத்தால் எழுத்துருவின் பெயர் மேலே தெரியும். அவ்வெழுத்துரு கணினியில் இல்லாவிடினும் பெயர் மட்டும் காட்டும். பெயரின் தொடக்கமே பெரும்பாலும் குடியைச் சொல்லிவிடும்: டாம், டாப், திசுகி என்பவற்றின் ஆங்கில எழுத்துகளையே முன்னொட்டாகக் கொண்ட எழுத்துருக்கள் பல. பெயரை அறிந்த பின், குறியாக்க மாற்றி ஒன்றில் அக்குடியைத் தெரிந்தெடுத்துப் பத்தியை ஒட்டினால் ஒருங்குறித் தமிழ் வெளிவரும். இத்தகைய மாற்றிகள் விலையின்றியே கிடைக்கின்றன. நூல் முழுவதையும் ஒரே மூச்சில் மாற்ற முனைதல் கூடாது. ஆய்தம், ஔகாரம், ணூ, றூ, னை, லை, ஞொ போன்றவை வரும் பத்தி ஒன்றைத் தேர்ந்து மாற்றிப் பார்த்து, அவை பிழையின்றி வந்தனவெனின் மேற்செல்க.

இங்கே இரண்டு பள்ளங்கள் உண்டு. பாமினி, டாம் போன்ற ஒருமொழி எழுத்துருக் கோப்புகளில் இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருப்பின், மாற்றி அவற்றையும் தமிழென்று கருதி உளறலாக மாற்றிவிடும். மாற்றியபின் கண்ணால் ஒருமுறை படித்தே ஆதல் வேண்டும். திசுகியும் டாப்பும் இருமொழிக்கும் தனியிடம் வைத்தவை. அவற்றில் இத்தொல்லை இல்லை. மற்றொரு பள்ளம் இன்னும் வேடிக்கையானது. சொற்செயலிகள் ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்தைத் தாமே பெரிய எழுத்தாக்கும் இயல்பின. பாமினியில் ஆங்கிலச் சிறிய பதின்மூன்றாம் எழுத்து அகரம். அதன் பெரிய எழுத்து ஆகாரம். ‘அவன் வந்தான்’ என்று தட்டினால் பொறி அதனை ‘ஆவன் வந்தான்’ என்று திருத்திவிடும்! பழைய நூல்களில் சொற்றொடரின் முதலில் காணப்படும் இத்தகைய பிழைகள் புலவர் செய்தவை அல்ல என்று அறிக. பழைய எழுத்துருவில் இன்னும் வேலை செய்வோர் தன்திருத்தத்தை முற்றாக நிறுத்திவிடுதல் நன்று.

புதிதாகத் தட்டச்சுப் பழகுவோர்க்கு எந்த விசைப்பலகை? ஆங்கில எழுத்தால் ஒலிபெயர்த்துத் தட்டும் முறை இன்று மிகப் பரவிவிட்டது. அம்மா என்று எழுத ஆங்கிலத்தை நினைத்துத்தான் ஆகவேண்டும் என்னும் நிலை தமிழ்ப் பிள்ளைகட்கு எதற்கு? தமிழ்99 விசைப்பலகையில் உயிர் இடக்கையிலும் மெய் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். ஒரே மெய் இரட்டித்தால் முன்னதற்குப் புள்ளி தானே ஏறும். மெல்லினத்தின் பின் அதன் இனவல்லினம் வந்தாலும் அவ்வாறே: த, ங, க, ம என்று தட்டி இறுதிக்குப் புள்ளி வைத்தால் ‘தங்கம்’. இலக்கண நூலார் சொன்ன இனவெழுத்து நெறி விசைப்பலகைக்குள் புகுந்திருக்கும் அழகு இது! தொடக்கத்தில் திகைக்க வைக்கும் இடம் ஒன்றுண்டு. ‘அவனறிவான்’ என்று தட்டினால் ‘அவன்றிவான்’ என்று வந்துவிடும். னகரத்தின் பின் அகர விசையை ஒருமுறை தட்டிவிட்டு றகரத்தைத் தட்டினால் புள்ளி ஏறாது. கிரந்த எழுத்துகளோ இப்பலகையில் மேல்மாற்று விசையை அழுத்தினால்தான் வரும். வேண்டாதார்க்கு அவை கைக்கே தட்டுப்படா. விண்டோசு, மேக்கிண்டோசு ஆகியவற்றின் இன்றைய பதிப்புகளில் தமிழ்99 உள்ளேயே இருக்கின்றது. அமைப்புப் பகுதியில் தமிழைச் சேர்த்தால் போதும்.

சொற்செயலியில் நாள்தோறும் நேரும் சிறு தொல்லைகள் சில. தமிழ் வரியெல்லாம் சிவப்புக் கோட்டால் அடிக்கோடிட்டுத் தோன்றுவது பலரை அச்சுறுத்துகின்றது. அது பிழையின் அடையாளமன்று. கணினி அப்பகுதியை ஆங்கிலமென்று எண்ணிக்கொண்டிருக்கின்றது. முழுவதையும் தெரிந்தெடுத்து மொழியைத் தமிழென்று குறித்துவிடுக. அதன் பின்னும் தூய தமிழ்ச் சொற்கள் சிலவற்றுக்குக் கோடு விழலாம். புணர்ச்சியால் எண்ணற்ற வடிவம் கொள்ளும் தமிழ்ச்சொல்லை எந்தப் பட்டியலும் அடக்கிவிடாது. அச்சொல்லைக் கணினியின் சொற்பட்டியலில் சேர்த்துவிடுவதே முறை. பொறி கோடிட்டதென்று நல்ல தமிழ்ச் சொல்லை மாற்றிவிட்டு வேற்றுச்சொல்லை இடுவோர் இருக்கின்றனர். பொறிக்கு அஞ்சிய புலமை அது.

எழுத்துருவை மாற்றியும் தமிழ் மாறவில்லை என்பார் உளர். லிபரே ஆபிசு போன்றவற்றில் மேலை எழுத்து, கிழக்காசிய எழுத்து, சிக்கலெழுத்து என மூன்று எழுத்துரு இடங்கள் உண்டு. தமிழ் மூன்றாவதில் அடங்கும். அங்கே எழுத்துருவையும் அளவையும் குறித்தால் மாறும். பிழை திருத்தும்போது பின்னழிக்கும் விசை ஒவ்வொரு குறியாக அழிக்கும். ‘கொ’ என்பதன் பின் ஒருமுறை அழுத்தினால் ககரம் எஞ்சி நிற்கும். முன்னழிக்கும் விசையோ எழுத்து முழுவதையும் விழுங்கிவிடும். இவ்வேறுபாடு தெரிந்தவர்க்குத் திருத்தும் வேலை பாதியாகக் குறையும்.

கோப்பில் இருக்கும் சொல்லைத் தேடினால் ‘இல்லை’ என்று விடைவருவதற்குப் பெருங்கரணியம் ஔகாரம். ஔவை என்பதை ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ஒப்பேற்றினால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும். கணினிக்கோ அவை வேறு வேறு. துணைக்காலுக்கு மாற்றாக ரகரத்தைத் தட்டிவிடுவதும் அத்தகையதே. கொகர ஒலியைக் கொம்பும் காலுமாகப் பிரித்துத் தட்டியிருந்தாலும் சில செயலிகள் கண்டுபிடியா.

அகரமுதலியும் பெயரடைவும் தொகுப்போர் கருத வேண்டிய செய்தி ஒன்று. ஒருங்குறியின் எண் வரிசை தமிழ் நெடுங்கணக்கு வரிசை அன்று. அதில் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே கிரந்த எழுத்தொன்று குந்தியிருக்கும். னகரம் நகரத்தை ஒட்டி வரும். றகரம் ரகரத்தை ஒட்டி வரும். ழகரம் ளகரத்துக்குப் பின் நிற்கும். ஆகவே, எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்தும் செயலி தரும் பட்டியல் தமிழ்ப்பட்டியல் ஆகாது. வரிசைப்படுத்தும் பெட்டியில் மொழி தமிழ் என்று குறித்தால் கணக்கு நேராகிவிடும். அடைவைக் கையால் திருத்தி நாட்களை வீணாக்கியோர் பலர் இதை அறியாதவரே.

அச்சகத்தார்க்குச் சொல்ல வேண்டியது சிறிதே. பேச்மேக்கர் ஒருங்குறியை அறியாதது; அதனை விடாமல் பற்றியிருக்கும் அச்சகங்கள்தாம் பழைய எழுத்துருவையும் விடாமல் வைத்திருக்கின்றன. இன்டிசைனில் தமிழின் கொம்பும் காலும் இடம்மாறித் தோன்றினால், பத்தி அமைக்கும் முறையை உலகமொழிகட்குரியதாக மாற்றுக. ‘பிடிஎப்’ கோப்பு அச்சுக்கும் படிப்புக்கும் நல்லது, சேமிப்புக்கு ஆகாது. அதனின்று படியெடுத்து ஒட்டினால் தமிழ் பெரும்பாலும் குலைந்தே வரும். ஆதலின், நூலாசிரியர் அச்சகத்தினின்று பிடிஎப்பை மட்டும் பெற்று மனநிறைவு கொள்ளாது, மூலக்கோப்பையும், எல்லா ஒப்பனையும் நீக்கிய வெற்றுரைக் கோப்பு ஒன்றை யூடிஎப்-8 குறியாக்கத்திலும் கேட்டுப் பெறுதல் வேண்டும். கேட்டால் தருவர், கேட்பார்தாம் இல்லை.

இறுதியாக நெகிழ்வட்டு. மேலே சொன்ன முதிய புலவர்களின் எழுத்து பலவும் மூன்றரை விரற்கடை அகலச் சதுரத் தகட்டுக்குள்தான் கிடக்கின்றது. ஒன்றில் 1.44 மெகாபைட்டே கொள்ளும். ஆயினும் வெற்றுத் தமிழெழுத்தாயின் அதற்குள் ஒரு நூலே அடங்கும். அவற்றின் காந்தப் பூச்சு ஆண்டுதோறும் நலிந்து வருகின்றது. கணினியில் செருகி இணைக்கும் நெகிழ்வட்டுப் படிப்பான்கள் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. பூஞ்சை படிந்த வட்டைப் படிப்பானில் இடுதல் கூடாது. வட்டும் கெடும், படிப்பானும் கெடும். நல்ல நிலையில் உள்ளதைச் செருகுமுன் அதன் பின்புற மூலையிலுள்ள சிறு தடுப்பைத் தள்ளித் துளை திறந்திருக்குமாறு செய்க. அப்போது எந்தப் பொறியாலும் அதன்மேல் எழுத இயலாது. உள்ளே இருப்பவற்றை ஒன்றுவிடாமல் அவ்வாறே படியெடுத்து இரண்டு வேறு இடங்களில் வைத்த பின்னரே, முதற்கோப்பைத் திறந்து எழுத்துருவின் பெயரைப் பார்க்க.